தயவுசெய்து அழிக்க வேண்டாம்

என் கடை மேஜையின் கீழ் டிராயரில் ஒரு மெமரி கார்டு கிடக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம். அதன் முதுகில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, நீல மையில் "தயவுசெய்து அழிக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. அரசாங்கக் கோப்புகளில் எழுதியே பழகிய கை அது. ஒரு புள்ளிகூட இடம் மாறி விழவில்லை. இதைச் செருகுவதற்கு இன்று என் கடையில் எந்த விளையாட்டுப் பெட்டியும் கிடையாது. இப்போது நான் விற்பது செல்போன் உறையும் சார்ஜரும்தான். டிராயரைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் இது கையில் தட்டுப்படும். எடுத்துப் பார்ப்பேன், திரும்ப அதே மூலையில் வைத்துவிடுவேன்.

அப்போது இதே இடத்தில் கேம் கடை வைத்திருந்தேன். சங்கரன்கோவிலில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. நான்கு டி.வி., நான்கு விளையாட்டுப் பெட்டிகள், எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வயது இருபத்தாறு. கடையின் பின்னறையிலேயே படுக்கை, குளியல், சமையல் எல்லாம். ஊர் என்னவோ சொந்த ஊர்தான், ஆனால் "சாப்பிட்டாயா" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. நாள் முழுக்கக் கடை நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் என்னோடு பேசமாட்டார்கள். என்னிடம் யாராவது வாய் திறந்தால் அது "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்பதற்குத்தான்.

அந்தப் பெட்டியின் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று விளங்காது. கம்பெனி அச்சடிக்கும் டிஸ்க்கின் உள்வட்டத்தில் மிக நுண்ணிய நெளிவு ஒன்று இருக்கும். பெட்டி முதலில் அந்த நெளிவைத்தான் தேடும். அதற்குள் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கும். அவை சரியாக இருந்தால் ஆட்டம் தொடங்கும், இல்லையென்றால் தொடங்காது. நாம் கம்ப்யூட்டரில் போட்டுக் காப்பி எடுத்தால் ஆட்டம் முழுவதும் வந்துவிடும், அந்த நெளிவு மட்டும் வராது. அதற்குத்தான் சிப். எட்டுக் கால் உள்ள சின்னஞ்சிறு சில்லு. பெட்டியைத் திறந்து சரியான இடத்தில் வயர்களைப் பற்றவைத்துவிட்டால், பெட்டி கேட்கிற நேரத்தில் அந்த நான்கு எழுத்துகளைச் சில்லே சொல்லிவிடும். கல்யாண வாசலில் நின்றுகொண்டு, வருகிறவனையெல்லாம் "மாப்பிள்ளை வீட்டு ஆளு" என்று சொல்லி உள்ளே அனுப்புகிற மனிதன் மாதிரி.

முதல் பெட்டியை நான் திறந்தது வியாபாரத்துக்காக இல்லை. ஒருவன் பூட்டிவைத்திருக்கிறான், எப்படிப் பூட்டியிருக்கிறான் என்று பார்க்கும் ஆசை. யாரோ கையால் வரைந்த படத்தின் ஜெராக்ஸ் ஒன்று கிடைத்தது. அதைச் சுவரில் ஒட்டி, மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். நானே எழுதிய டிஸ்க்கைப் பெட்டி ஏற்றுக்கொண்டு படம் காட்டியபோது எழுந்து நின்று கைதட்டினேன். பார்க்க ஓர் ஆள் இல்லாததால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் இன்று இதை எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது. நான்கே மாதத்தில் மதுரையிலிருந்து மூட்டையாகக் காப்பி டிஸ்க் இறக்க ஆரம்பித்துவிட்டேன்.

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். அது வீட்டில் எழுதிய காப்பி. வெள்ளி மாதிரி பளபளத்தால் அது எங்கோ ஆலையில் அச்சடித்த காப்பி. எங்கள் வியாபாரத்தில் அந்த வெள்ளியைத்தான் ஒரிஜினல் என்று சொல்லி விற்போம். கம்பெனியின் உண்மையான டிஸ்க்குக்கு அடிப்பக்கம் கறுப்பு. அந்தக் கறுப்பைச் சங்கரன்கோவிலில் ஒருவரும் பார்த்ததில்லை. சென்னையில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்த நான், அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

சார் என் கடைக்கு வந்தது ஒரு மே மாதத்தில். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். ஐம்பதைத் தாண்டியவர், எப்போதும் வெள்ளைச் சட்டை. மனைவி இறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்த மகள்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். ஹாஸ்டல் தோழி ஒருத்தி வீட்டில் பார்த்த ஆட்டம் ஒன்று அவளுக்கு வேண்டும். ஏழு கோட்டைகள், கோட்டைக்குள் ஆங்காங்கே சாவிகள், எல்லாச் சாவியும் சேர்ந்தால் கடைசிக் கதவு திறக்கும். என்னிடம் இருந்தது, வெள்ளிதான். சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"டூப்ளிகேட் இல்லல்லா தம்பி? கவர்மெண்டு வேலையில இருக்கேன், அதான் கேக்கேன்."

"ஒரிஜினல் சார். அடியத் திருப்பிப் பாருங்க, எப்படி மின்னுது!"

அவர் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். டிஸ்க்கையும் ஒரு மெமரி கார்டையும் வாங்கிக் கொடுத்தார். டிஸ்க் என் கடையிலேயே இருக்கும், வந்து விளையாடிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆட்டத்தின் நாயகிக்கு நாமே பெயர் வைக்கவேண்டும். மகள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தன் அம்மாவின் பெயரை அடித்தாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். லீவு முழுக்க அவள் விளையாட, அவர் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஜூனில் ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் சொன்னாள்: "ஆடித்தபசுக்கு வாரேம்ப்பா. அதுக்குள்ள சாவி பூரா எடுத்து வையுங்க. கடைசிக் கதவு மட்டும் நாம ரெண்டு பேரும் சேந்து தொறப்போம்."

விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள். அவர் அதை ஆபீஸ் உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாள் மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். "எப்படிம்பா இதப் புடிக்கது?" என்று கேட்டு, இரண்டு கையாலும் கன்ட்ரோலரைத் தீர்த்தச் செம்பு மாதிரி ஏந்திக்கொண்டார். முதல் வாரம் முழுக்க ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு சாவி எடுத்தார். அன்று தன் டிபன் மூடியில் எனக்கும் கொஞ்சம் கத்தரிக்காய்க் கூட்டு வைத்து நீட்டினார். அதன் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார். பன்னிரண்டரை ஆனதும் நான் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அந்த நாட்களில் கடை திறந்தேன்.

அவரிடம் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. வரிசை எண் போட்டு, எந்தக் கோட்டை, எந்தப் பக்கம் கதவு, எங்கே சாவி என்று எழுதிக்கொண்டே வருவார். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்க மாட்டார். அடிக்கோலை வைத்து ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவார். "அடிச்சது யாருன்னு தெரியணும்லா தம்பி, இல்லன்னா அது திருத்தம் இல்ல, மோசடி" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து மகளுக்கு வாசிப்பார். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது, எல்லாம் என் காதில் விழும். அதற்கு முன்பும் அவர் வாராவாரம் போன் பேசியவர்தான். சாப்பிட்டியா, காய்ச்சல் இல்லியே, பணம் வந்துச்சா, அத்தோடு முடிந்துவிடும். இப்போது அரை மணி நேரம் பேசினார். நான்காவது கோட்டையில் பாலத்தை எப்படித் தாண்டினேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். மறுமுனையில் அவள் சிரிப்பது அவர் முகத்தில் தெரியும்.

அடுத்த மாதம் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரி ஒருவர் வந்தார். அதே ஆட்டத்தை, அதே வெள்ளி டிஸ்க்கை, தம் வீட்டுக்கென்று என்னிடம் வாங்கிப் போனவர். டிஸ்க்கை மேஜையில் வீசி எறிந்தார். "என்னத்தவே வித்தீரு? நடுவுல நடுவுல எடுத்த சாவியெல்லாம் காணாமப் போச்சு. சரின்னு திருப்பி எடுத்துக் கடைசிக் கதவத் தொறந்தா, எல்லாம் அழிஞ்சிட்டு. கார்டுல ஒண்ணுமே இல்லவே!" நான் மதுரை ஆளுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான். "அந்தக் கேமுக்குள்ள ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்குண்ணே. காப்பின்னு தெரிஞ்சா ஒடனே நிக்காது. ஆடவிட்டு, அலையவிட்டு, கடைசில தொடச்சு விட்டுரும். அத இன்னும் எவனும் ஒடைக்கல" என்றான். வியாபாரிக்கு வேறோர் ஆட்டத்தின் டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதற்கு இரண்டு நாளுக்கு முன்புதான் சார் கேட்டிருந்தார்: "தம்பி, வடக்குக் கோட்டைச் சாவிய எடுத்தோம்லா? இப்பம் இல்லையே?" நானும் ஏதோ பொத்தானை மாற்றி அமுக்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. சொல்லவேண்டும் என்றால், சார், அது ஒரிஜினல் இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து நான் பொய் சொன்னேன் என்று தொடங்கவேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் இன்னொரு சாவி போனது, அதற்கடுத்த வாரம் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அவர் நோட்டைப் புரட்டி, எடுத்த தேதியைப் பார்த்து, நெற்றியைத் தேய்ப்பார். பிறகு பொறுமையாக அந்தக் கோட்டைக்கே திரும்பப் போய் எடுத்து வருவார். நோட்டில் எழுதுவார்: "மறுபடி எடுத்தேன். முன்பே எடுத்ததாக நினைவு. என் கவனக்குறைவு." இதை நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். படித்துவிட்டு அவர் கொடுத்த கூட்டையும் சாப்பிட்டேன்.

கார்டில் இருப்பதை இன்னொரு கார்டில் நகல் எடுத்து வைத்திருக்கலாம். நகல் எடுப்பதே தொழிலாக இருந்தவனுக்கு இரண்டு நிமிட வேலை. எதற்கு நகல் என்று கேட்பாரே என்று அதையும் செய்யவில்லை. கறுப்பு டிஸ்க் ஒன்று தேடிச் சென்னைக்கும் மதுரைக்கும் ஆள் விட்டேன், கிடைக்கவில்லை. சொன்னால் அவர் சத்தம் போட்டிருக்க மாட்டார். எழுந்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுபடியும் கேட்க ஆளில்லாத மதியம்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மகள் வந்தாள். ஊர் கொள்ளாத கூட்டம். தபசு முடிந்த மறுநாள் மதியம், தோளில் பையோடு அவளும், பக்கத்தில் சாருமாக வந்தார்கள். மூன்றரை மணி ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்து அவள் கோயம்புத்தூர் போகவேண்டும். "எல்லாச் சாவியும் இருக்கு தம்பி, ராத்திரி நோட்டப் பாத்துச் சரிபாத்துட்டேன்" என்றார் சார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். பழசாகிவிட்டால் அப்படி வைத்தால்தான் டிஸ்க்கைப் படிக்கும். கடைசிக் கோட்டையின் நடையில் அந்தச் சின்னப் பெண், அவர் மனைவியின் பெயரைத் தலைக்கு மேல் சுமந்துகொண்டு நடந்துபோனாள். மகள் ஓட்டினாள், அவர் நோட்டைப் பார்த்து வழி சொன்னார். கதவு தெரிந்தது. நான் பின்னறைத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

டி.வி.க்கள் அணைந்தன, மின்விசிறி நின்றது. "கரண்டு போயிட்டு சார்" என்றேன். மகள் "அய்யோ" என்று எழுந்து, ஹாஸ்டல் தோழிகளுக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள். சார் அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்கள் சந்துக்குப் பின்னால் விசைத்தறிகள் உண்டு. எங்கள் ஊரில் கரண்டு போனதைக் கண்ணால் பார்க்கவேண்டியதில்லை, தறிகள் சட்டென்று ஓய்ந்துவிடும், காதே தெரிந்துகொள்ளும். அன்று அவை சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. சார் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தறி ஓடுத சத்தம் கேக்குல்லா தம்பி?"

நம் கடை லைனில் மட்டும் ஏதோ கோளாறு என்று சொல்லியிருந்தாலே போதும். எனக்கு வாயில் வந்தது வேறு.

"எனக்குக் கேக்கலையே சார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டினார். மறுபடி காதைக் கொடுத்துக் கேட்டார். "அப்பம் என் காதுதான் போல" என்றார் மெதுவாக. அரை மணி நேரம் அந்த இருட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம், பின்னால் தறிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. மகள் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றதும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் ஓடினார்கள். கார்டு பெட்டியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் அவர் ஆபீஸுக்கே அதைக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவையும், மேஜையிலிருந்து ஒரு துண்டுப் பிளாஸ்திரியையும் எடுத்து, பொறுமையாக எழுதி ஒட்டினார். "உங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. எங்கிட்ட இருந்தா எங்கயாவது வச்சிட்டு மறந்துருவேன்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் கடைக்கு வருவது குறைந்து, நின்றுபோனது. தீபாவளிக்கு மகள் வரவில்லை, பரீட்சை. பிறகு அவளுக்கு வேலை, கல்யாணம், பெங்களூரு. நானும் கேம் கடையை மூடிச் செல்போன் கடை ஆக்கினேன். இப்போதெல்லாம் ஆட்டங்களுக்கு டிஸ்க்கே கிடையாது. பூட்டு எங்கோ கண்காணாத தூரத்தில் இருக்கிறது, திறந்து பார்க்கத் திருகாணிகூட இல்லை. சாரைக் காய்கறி மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்பேன். ஸ்கூட்டர் ஓட்டுவதையே விட்டுவிட்டு நடந்துதான் வருவார். கையில் வாங்கவேண்டிய சாமான்களின் சீட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் வீட்டுச் சாவி. "என்ன சார், பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி கழுத்துல சாவி?" என்று ஒருநாள் கேலி பண்ணினேன். சிரித்தார். "சாவி விஷயத்துல என்னைய நம்ப முடியாது தம்பி" என்றார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. செல்போன் உறை பார்க்க வந்தவள் என்று நினைத்து, "என்ன மாடல்மா?" என்றேன். அவள் கைப்பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அதன் மேல் கறுப்புக் கயிறு கட்டிய சாவி. "அப்பா தவறிட்டாங்கண்ணாச்சி. பதினாறாம் நாள் முடிஞ்சிட்டு. வீட்டக் காலி பண்ணிச் சாவியக் குடுக்கப் போறேன். போற வழில உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். மாரடைப்பாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய உறவாக நான் என்னை வைத்துக்கொள்ளவும் இல்லை.

உட்கார்ந்து அவளாகவே பேசினாள். எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாளாம், பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று. "வரவே மாட்டேன்னுட்டாங்க. எனக்கு மறதி வந்துட்டு மக்கா, நான் வந்தா ஒனக்குப் பாரம், அடுப்ப அணைக்க மறந்தாலும் மறப்பேன், பிள்ளையள எங்கயாவது விட்டுட்டு வந்தாலும் வருவேன்னு சொல்லுவாங்க. ராஜபாளையத்துல டாக்டர் பாத்துட்டு, ஒங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னாரு. நம்பலையே! எப்பம் இருந்துப்பா இப்படி நெனைக்கீங்கன்னு கேட்டா, ஒங்கூட அந்த கேம் ஆடுனோம்லா, அப்பவே தொடங்கிட்டும்மா, எடுக்காத சாவிய எடுத்தேன்னும், ஓடாத தறிய ஓடுதுன்னும் நெனச்சேன்னு சொல்லுவாங்க. கடைசி நாள் வரைக்கும் அப்பா ஒண்ணையும் மறக்கலண்ணாச்சி. நான் பொறந்த நேரத்த நிமிசம் மாறாமச் சொல்லுவாங்க. இருபது வருசம் அந்த வீட்டுல தனியா இருந்துட்டாங்க."

டிராயரைத் திறந்து கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பிறகு சொன்னேன். டிஸ்க் காப்பி என்று, சாவிகளைக் களவாண்டது அந்த டிஸ்க்குதான் என்று, பியூஸைப் பிடுங்கியது நான் என்று, தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று. இருபது வருஷம் தொண்டையில் நின்றதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கார்டின் மேல் இருந்த எழுத்தைப் படித்தாள். "மொத்தம் எத்தன சாவி?" என்று கேட்டாள். "மூணு" என்றேன். நோட்டைப் புரட்டினாள். "என் கவனக்குறைவு" என்று எழுதியிருந்த மூன்று இடங்களையும் தேடி எடுத்தாள். என் மேஜையிலிருந்த பேனாவையும் அடிக்கோலையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரே கோடாக அடித்தாள். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"பக்கத்துல ஒப்பம் போடுங்க."

போட்டேன். மூன்று இடத்திலும் போட்டேன். மை காயும்வரை அவள் நோட்டைத் திறந்தே வைத்திருந்தாள். பிறகு நோட்டையும் சாவியையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். கார்டை எடுப்பாள் என்று பார்த்தேன். ஒரு விரலால் அதை என் பக்கம் தள்ளினாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். எங்கள் ஊரில் எவ்வளவு கோபத்தோடு கிளம்பினாலும் "வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாசல்படி இறங்குவார்கள். அவள் சொல்லவில்லை.

கார்டு டிராயரில் அதே மூலையில் கிடக்கிறது. உள்ளே ஒரு பெண் எல்லாச் சாவிகளோடும் கடைசிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். இப்போதும் மதியம் பன்னிரண்டரைக்கு என் கண் தானாக வாசலுக்குப் போகிறது. பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்துவருகிறது, எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று அதன் மேல் புது டேப் ஒன்று ஒட்டினேன்.